அந்தோணியாரிடம் விடைபெற்று வீடு திரும்பும் படகுகள்

மேற்கே மலையும் மற்றத் திசைகளில் வயலும் காடுமாகச் சூழ்ந்த சோழபுரத்தில் வாழும் நமக்குக் கடல் நெடுந்தொலைவு. ஆயினும், ஆடி மாதத்தில் நம் ஓட்டு வீடுகளை அசைத்துப் பார்க்கும் காற்று கடல் மக்களுக்கும் பழகிய காற்றே. அதைக் கச்சான் என்றும் சோழகம் என்றும் அழைப்பர். கார்த்திகை தொடங்கி மாசி வரை வடக்கிலிருந்து வருவது வாடை. காற்றுக்குப் பெயர் வைத்து உறவாடும் அந்த மக்கள், ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு படகேறிச் சென்று வீடு திரும்பும் ஒரு பயணம் உண்டு. அதுவே கச்சத்தீவு திருப்பயணம்.

இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 12 கடல் மைல் தொலைவில் உள்ளது கச்சத்தீவு. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். தீவின் பரப்பு 285 ஏக்கர். நிலையாகக் குடியிருப்போர் எவரும் இல்லை. நல்ல குடிநீரும் இல்லை. இருப்பது புனித அந்தோணியார் ஆலயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் இதை எழுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. புயலில் சிக்கியவர்களுக்கும் காணாமற்போனதைத் தேடுவோர்க்கும் துணை நிற்பவர் அந்தோணியார் என்ற நம்பிக்கை மீனவரிடையே மிகுதி. பழைய சிற்றாலயத்துக்கு அருகே எழுப்பப்பட்ட புதிய ஆலயம் 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது.

பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் இரண்டு நாள் திருவிழா நடைபெறும். இக்கரையிலிருந்து இராமேசுவரம் மக்களும், அக்கரையிலிருந்து யாழ்ப்பாணம், நெடுந்தீவு மக்களும் வந்து கூடுவர். முதல் நாள் மாலையில் கொடியேற்றமும் சிலுவைப்பாதையும், இரவில் தேர்ப்பவனியும் உண்டு. மறுநாள் காலையில் தமிழில் திருவிழாத் திருப்பலி. இரு நாடுகளின் குடிமக்கள் ஒரே மொழியில் ஒரே செபத்தைச் சொல்வது எத்துணை அரிய காட்சி! அக்கரைக்குப் பெண் கொடுத்த குடும்பங்கள், கடல் நடுவே உறவினரைக் கண்டு பேசும் நாளும் அதுவே.

திருப்பலி முடிந்து கொடி இறங்கியதும் படகுகள் வீடு நோக்கித் திரும்பும். எப்படித் திரும்புகின்றன என்று பார்ப்போமா?

திரும்பும் திசை தென்மேற்கு. அந்த மாதங்களில் வீசும் வாடையோ வடகிழக்கிலிருந்து வருவது. எனவே போகும்போது எதிரே நின்ற காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளும். முற்காலத்தில் பாய் விரித்த வள்ளங்களே சென்றன. காற்றுக்கு நேர் எதிரே பாய்ப்படகு செல்ல இயலாது. இடமும் வலமுமாக மாறி மாறி வளைந்தே முன்னேற வேண்டும். திரும்பும்போது பாயை அகல விரித்தால் போதும். இன்று இயந்திரம் பூட்டிய படகுகளில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்.

பின்காற்று எளிது என்று எண்ணிவிடலாகாது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. ஆழமில்லாத நீரில் காற்று சற்று வலுத்தாலும் குட்டையான, செங்குத்தான அலைகள் விரைவில் எழும். பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்புறத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால், அடுத்த அலை படகைக் கவிழ்க்கக்கூடும். ஆகவே சுக்கான் பிடிப்பவர் அலைக்கு நேராகவே படகைச் செலுத்துவார். குழந்தைகளையும் முதியோரையும் நடுவில், தாழ்வாக அமரச் செய்வார். பாரம் தாழ்ந்திருந்தால் படகு நிலைத்து நிற்கும் என்பது நாம் வகுப்பில் படித்த ஈர்ப்பு மையத்தின் பாடமன்றோ!

கரையை எப்படி அறிவது? நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் கண்ணுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர் தொலைவிலேயே முடிந்துவிடும். பூமி உருண்டை என்பதே காரணம். ஆனால் உயர்ந்த பொருளின் உச்சி அதற்கு அப்பாலும் தெரியும். வானம் தெளிந்திருந்தால் 300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த இராமேசுவரம் தொலைக்காட்சிக் கோபுரம் முதலில் தோன்றும். பின்னர் திருக்கோயில் கோபுரம். கடைசியாகத்தான் மணற்கரையும் தென்னையும். வீட்டைக் கண்ட மகிழ்ச்சியில் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் சாய்வதுதான் மிகப் பெரிய ஆபத்து. கரை தட்டும் வரை அமர்ந்திருக்க வேண்டும்.

வழியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடும் உண்டு. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கச்சத்தீவு இலங்கையைச் சேர்ந்தது. நாட்டெல்லை தீவுக்கு மேற்கே சிறிது தொலைவிலேயே செல்கிறது. இந்தியத் திருப்பயணிகள் கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வந்து போகலாம் என்று அவ்வுடன்படிக்கை கூறுகிறது. ஆயினும் இன்று பெயரைப் பதிவு செய்து, அடையாளச் சான்று காட்டி, சோதனைக்கு உட்பட்டு, மிதவைச் சட்டை அணிந்தே படகேற வேண்டும்.

இப்பயணம் என்றும் தடையின்றி நடந்ததன்று. 1983இல் இலங்கையில் மூண்ட போரால் நெடுங்காலம் நின்றது. 2009இல் போர் ஓய்ந்த பின், 2010இல் மீண்டும் மக்கள் சென்றனர். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மீனவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து, 2024ஆம் ஆண்டு இராமேசுவரத்திலிருந்து ஒரு படகும் செல்லவில்லை. அவ்வாண்டு இக்கரை உறவைக் காண வந்தோர் ஏமாந்திருப்பர். சிறையிலிருந்தோர் வீட்டாருக்கோ, திருவிழாவைவிடத் தம்மவர் திரும்பும் நாளே பெரிதாயிருந்தது.

அன்புத் தோழியரே! பேருந்தில் ஏறி மாலையில் வீடு சேரும் நமக்கு, வீடு திரும்புதல் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. கடற்கரையில் அது ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்க்கப்படும் ஒன்று. போனவர் எத்தனை பேர், வந்தவர் எத்தனை பேர் என்று சரிபார்த்த பிறகே அங்கு ஒரு தாய் அடுப்படிக்குப் போவாள். அடுத்த முறை நம் ஊரில் ஆடிக் காற்று கதவைத் தட்டும்போது, அதே காற்றில் கடலில் நிற்பவர்களுக்காகவும் ஒரு நொடி செபிப்போம்.