பிரியாத சிவிங்கிச் சகோதரர்கள்

1947இல், இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கோரியா சமஸ்தானத்தின் மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் ஒரே இரவில் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். இந்தியக் காடுகளில் அந்த விலங்கு இருந்ததற்கான கடைசிப் பதிவுகளில் அதுவும் ஒன்று. 1952இல் அரசு அதை இந்தியாவில் அற்றுப்போன இனமாக அறிவித்துவிட்டது. சுடப்பட்ட மூன்றுமே ஆண்கள்; ஒரே ஈற்றில் பிறந்தவையாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. புலியும் சிறுத்தையும் தனித்தே திரிபவை. பூனைக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்களில் ஆண்கள் ஒன்றையொன்று கண்டாலே சீறும். அப்படியிருக்க, மூன்று ஆண்கள் ஏன் சேர்ந்து திரிந்தன?

விடை குட்டிப் பருவத்தில் இருக்கிறது. சிவிங்கிக் குட்டிகளுக்குத் தகப்பனின் காவல் கிடையாது. தாய் வேட்டைக்குப் போனால் புல்மறைவில் அவை தனியே கிடக்க வேண்டும். தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் கேரன் லாரன்சன் நடத்திய ஆய்வில், பிறந்த குட்டிகளில் 100க்கு 5 அளவில்தான் தாயைப் பிரியும் வயதுவரை பிழைத்தன. பெரும்பாலானவற்றைக் கொன்றவை சிங்கங்கள். பிழைத்த குட்டிகளோ நாளெல்லாம் விளையாடும். ஒன்று ஓட, இன்னொன்று துரத்தி முன்னங்காலால் தட்டி விழவைக்கும். பின்னாளில் ஓடும் மானைச் சாய்ப்பதும் இதே தட்டினால்தான். துரத்துவதும் தட்டி விழவைப்பதும் பசி இல்லாத இந்த ஓட்டத்திலேயே அவற்றுக்குப் பழகிவிடுகிறது.

ஏறத்தாழ ஒன்றரை வயதில் தாய் விலகிப் போய்விடும். குட்டிகள் சில மாதம் ஒன்றாகவே இருக்கும். பிறகு சகோதரிகள் ஒவ்வொன்றாகத் தனிவழி போக, சகோதரர்கள் மட்டும் பிரிவதில்லை. சேர்ந்து வேட்டையாடி, சேர்ந்து தின்று, ஒன்றின் முகத்தில் படிந்த இரத்தத்தை மற்றது நக்கித் துடைக்கும். இந்த விலங்கால் கர்ஜிக்க முடியாது. கூட்டாளி கண்ணில் படாவிட்டால் பறவை கீச்சிடுவதுபோல் குரல் கொடுத்துத் தேடும். கண்டதும் முகத்தோடு முகம் உரசிக் குறுகுறுக்கும்.

இந்தக் கூட்டணியின் பயன் என்ன என்பதை செரெங்கெட்டியில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டிம் கேரோ. அங்கே ஒரு பெண் சிவிங்கி மான் கூட்டங்களைப் பின்தொடர்ந்து சுமார் 800 சதுர கிலோமீட்டரில் அலைகிறது. அவ்வளவு நிலத்தை எந்த ஆணாலும் காக்க முடியாது. ஆகவே, பெண்கள் அடிக்கடி வந்துபோகும் சுமார் 40 சதுர கிலோமீட்டரை மட்டும் பிடித்துக்கொண்டு, மரங்களிலும் கரையான் புற்றுகளிலும் வாசனைக் குறியிட்டு ஆண்கள் காத்திருக்கின்றன. அந்த நிலத்துக்குப் போட்டி கடுமை. சண்டையில் உயிரே போகும். இருவராக, மூவராகச் சேர்ந்தவர்களுக்கே நிலம் பெரும்பாலும் வாய்க்கிறது. நிலமற்று அலையும் ஆண்களின் தசை மெலிந்திருப்பதையும், இரத்தத்தில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் கூடியிருப்பதையும் கேரோவின் குழு கண்டது.

சகோதரர்களில் ஒன்று இனச்சேர்க்கையில் முந்திக்கொண்டால் மற்றதற்கு என்ன லாபம்? 1964இல் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் இத்தகைய கேள்விக்கு விடை தந்தார். உடன்பிறந்தவனின் குட்டிகளிலும் தன் மரபணுக்களில் ஒரு பங்கு இருப்பதால், அவனுக்கு உதவுவது தன் வம்சத்துக்கும் உதவுவதே. ஆனால் சிவிங்கிகளின் கதை அங்கே முடிவதில்லை. 2007இல் வெளிவந்த செரெங்கெட்டி மரபணு ஆய்வு, ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கே பல நேரம் வெவ்வேறு தகப்பன்கள் இருப்பதைக் காட்டியது. பாதி இரத்த உறவே உள்ளவையும் ஆயுள் முழுக்கப் பிரியாமல் வாழ்கின்றன. உடன்பிறப்பே இல்லாத ஆண் சில வேளை அயலான் ஒருவனோடு சேர்ந்துகொள்கிறது. நாளடைவில் அவையும் சகோதரர்களைப் போலவே நடந்துகொள்கின்றன. இரத்தம் எத்தனை பங்கு என்று எந்தக் குட்டியும் கணக்குப் பார்ப்பதில்லை. பக்கத்தில் படுத்துறங்கியவன், தட்டி விழவைத்தவன், அழைத்தால் பதில் குரல் கொடுத்தவன்: அதற்குத் தெரிந்த உறவு இதுதான்.

இந்த இனத்தை இந்தியாவில் மீண்டும் குடியேற்ற, 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்த 8 சிவிங்கிகளிலும் இரண்டு சகோதரர்கள் இருந்தன. நவம்பரில் பெரிய அடைப்புக்குள் முதலில் விடப்பட்டவை அந்த இரண்டுமே. அதுவரை பார்த்தறியாத புள்ளிமானை 24 மணி நேரத்துக்குள் வேட்டையாடிவிட்டன. கௌரவ், சௌர்யா என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்த இணையில் சௌர்யா 2024 ஜனவரியில் இறந்தது.

கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுவரும்போதும் இத்தகைய சகோதரர்களைப் பிரிக்காமல் சேர்த்தே கொண்டுவருவதில் பெரிய அர்த்தம் இருக்கிறது. வேகத்தையும் பார்வையையும் ஒவ்வொரு சிவிங்கியும் பிறவியிலேயே பெற்றுவிடுகிறது. நம்பிக்கையான துணையோ பெரும்பாலும் குட்டிப்பருவத்தில்தான் உருவாகிறது. அதை அழித்துவிட்டால் எந்தத் திட்டத்தாலும் எளிதில் புதிதாகச் செய்து தர முடியாது.