தாழ்ந்த காரும் எண்ணூர்ச் சாலையும்

மோட்டார் வண்டியின் உடலைத் தரைக்கு அருகில் இறக்கிவிட்டால் அது பந்தயக் காரைப்போல் திருப்பங்களில் சொன்னபடி கேட்கும் என்ற நம்பிக்கை வாகனப் பிரியர்களான இளைஞர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டே, தொழிற்சாலையில் பொருத்திய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, குட்டையான வேறு ஸ்பிரிங்குகளை மாட்டும் வியாபாரமும் நடந்து வருகிறது. அந்த நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று ஆராய்வதற்கு, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக ராயபுரம் வரையில், துறைமுகத்தின் கன்டெய்னர் லாரிகளோடு சேர்ந்து பிரயாணம் செய்ய வேண்டிய இந்தப் பிரதேசத்தைவிடத் தகுந்த இடம் வேறு இல்லை.

இந்தப் பிரதேசத்துக்கு ஸ்பிரிங் புதிய வஸ்துவும் அன்று. 1948-ஆம் ஆண்டு தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் என்ற ஸ்தாபனம், பின்னாளில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர்பெற்று 1955-இல் அசோக் லேலண்ட் ஆவதற்கு முன்பு, எண்ணூரில் பாகங்களைப் பூட்டி வெளியே அனுப்பியது ஆஸ்டின் ஏ40 என்ற காரைத்தான். அந்தக் காரின் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங்கும் பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங்கும் இருந்தன. உருவம் எதுவானாலும் கடமை இரண்டே: வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஒன்று; பள்ளம் மேடுகளில் சக்கரம் சாலையை விட்டு அகலாதபடி அதற்கு ஏறவும் இறங்கவும் இடங்கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது கடமையைப் பலரும் சொகுசு என்று மட்டும் நினைத்துவிடுகிறார்கள். தரையைத் தொடாத டயரால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் தாழ்வினால் வரும் லாபத்தைக் கணக்கிடுவோம். கடலுக்குப் போகிறவர்கள் கனமான சாமான்களைப் படகின் அடியில் வைப்பதுபோல, வாகனத்தின் பாரமையமும் தாழ்ந்திருந்தால் ஸ்திரம் அதிகம் என்பது சரியே. 1,200 கிலோ எடையும், இடது வலது சக்கரங்களுக்கிடையே 1,500 மில்லிமீட்டர் அகலமும், 550 மில்லிமீட்டர் உயரத்தில் பாரமையமும் உள்ள ஒரு கார், புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு திரும்பும்போது, உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு ஏறக்குறைய 352 கிலோ பாரம் மாறுகிறது. அதே காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மாறும் பாரம் 333 கிலோவாகிறது. மிச்சம் 19 கிலோ. லாபம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் தாழ்வு தரும் பிரமிப்புக்கு முன்னால் மிகச் சிறிய லாபம்.

இனி நஷ்டத்தைப் பார்ப்போம். ஒரு சக்கரம் மேலே ஏறுவதற்கு 80 மில்லிமீட்டர் இடம் இருந்து, அதில் 30 மில்லிமீட்டரைத் தாழ்த்துவதிலேயே செலவிட்டுவிட்டால் எஞ்சுவது 50. முன்பு 80 மில்லிமீட்டரில் தாங்கிய அதே விசையை 50-க்குள் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் நூற்றுக்கு 60 பங்கு கூடுதல் விறைப்போடு இருக்க வேண்டும். இல்லையேல் குழியில் விழும்போதெல்லாம் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் தடையில் இடிக்கும். திருப்பத்தின் நடுவே அப்படி இடித்தால், அந்தச் சக்கரத்தின் விறைப்பு திடீரென்று பன்மடங்காகி வண்டி வழுக்கவும் கூடும். விறைப்பைக் கூட்டினாலோ, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் அதற்குத் தக்கபடி வலுப்பெற வேண்டும். நூற்றுக்கு 60 பங்கு கூடுதலாக விறைத்த ஸ்பிரிங்குக்கு ஷாக்கின் அடக்கும் சக்தி கால் பங்காவது அதிகம் தேவை. பழைய ஷாக்கின் மேல் புதிய ஸ்பிரிங்கை மாட்டியவர்களின் கார், மேடு தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கம்பியின் கனமும், சுருளின் அகலமும், சுற்றுகளின் எண்ணிக்கையும் நிர்ணயிக்கின்றன. இவற்றுள் கம்பியின் கனமே பிரதானம். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீட்டர் கம்பி என்றால், மற்றவை மாறாதிருக்க, விறைப்பு நூற்றுக்கு 38 பங்கு ஏறிவிடுகிறது. செலவுக்கு அஞ்சி, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே இரண்டு சுற்றுகளை அறுத்துவிடும் வழக்கமும் உண்டு. எட்டுச் சுற்றில் இரண்டு போனால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பது உண்மையே. ஆனால் அறுத்த முனை அதன் தட்டில் சரியாக உட்காராது, சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயர்ந்துவிடும் அபாயமும் உண்டு. அறுப்பதால் மிஞ்சும் பணம் அந்த அபாயத்துக்கு ஈடாகாது.

வேறொரு விஷயம் தேர்ந்தவர்களையும் ஏமாற்றும். நம் சிறிய கார்களின் முன்புறத்தில் சாதாரணமாகக் காணப்படும் மக்ஃபர்சன் சஸ்பென்ஷன் அமைப்பில், வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாரமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இடைவெளி நீள்வதால், சாய்வு குறையும் என்று எதிர்பார்த்தவனுக்கு அதிகமாகவே கிடைக்கிறது. மேலும், மொத்தத்தில் மாறும் பாரத்தை ஸ்பிரிங்கின் விறைப்பு குறைப்பதில்லை. முன்புறம் எவ்வளவு, பின்புறம் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதே அதன் வேலை. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரில் முன்புறத்தை மட்டும் விறைப்பாக்கினால், திருப்பத்தில் மூக்கு வெளியே விலகும் சுபாவம் மேலும் முற்றும்.

அப்படியானால் பந்தயக் கார்கள் ஏன் தாழ்ந்திருக்கின்றன என்று கேட்கலாம். எண்ணூருக்கு மேற்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பல்லாண்டு பந்தயங்கள் நடத்தினார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளமே அமைந்தது. அங்கே வேகத்தடையும் இல்லை, வண்டிக்குள் ஐந்து பேர் கொண்ட குடும்பமும் இல்லை. பொதுச் சாலையிலோ, இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அமைந்த வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரமுடையது. தெருக்களில் அவரவர் இஷ்டப்படி எழுப்பியவை விதியையும் மதிப்பதில்லை. தரையிலிருந்து 163 மில்லிமீட்டர் உயரமுள்ள ஸ்விஃப்ட் காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தி, ஆட்களையும் சாமான்களையும் ஏற்றினால், எஞ்சும் உயரம் அந்தத் தடையின் உயரத்துக்குச் சமீபத்தில் வந்துவிடுகிறது.

ஆகையால், எண்ணூர்ச் சாலையில் தினமும் போய்வருகிறவர் முதலில் நல்ல டயருக்கும் நல்ல ஷாக்குக்கும் பணம் செலவிடுவதே விவேகம். அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால், வண்டியை 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை மட்டுமே தாழ்த்துவதும், விறைப்பின் அளவை அச்சிட்டுத் தருவதும், முன்புறம் பின்புறம் இரண்டுக்கும் சேர்த்து அந்தக் கார் மாடலுக்கென்றே வகுக்கப்பட்டதுமான ஸ்பிரிங்கை, அதற்குப் பொருந்தும் ஷாக்குடன் வாங்கலாம். வாங்குமுன், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகனத்தில் செய்யும் மாறுதல்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும், 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது என்பதையும் மனத்திற்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் விசாரிப்பது அவசியம். மாட்டியவுடன் வீல் அலைன்மெண்ட் செய்து, குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு தம் தெருவின் வேகத்தடைமேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடி உராய்ந்தாலோ ரப்பர் இடித்தாலோ பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை. அதுவரை அதைக் காயலான் கடையில் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருப்பது நலம்.