பிரேதப் பரிசோதனைக்குச் சிக்காத ஒவ்வாமை

2005 நவம்பரில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 15 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. காதலனோ வேர்க்கடலை வெண்ணெய் சாப்பிட்டிருந்தான். முத்தமே எமனானது என்று உலகப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. மரண விசாரணை அதிகாரியின் முடிவு வேறாக இருந்தது. கடும் ஆஸ்துமாவில் மூளைக்குப் பிராணவாயு கிடைக்காமல் போனதுதான் காரணம், வேர்க்கடலைக்கு அதில் பங்கில்லை என்றார் அவர்.

இதற்கு நேரெதிரான பிழையும் நடக்கும். உணவு ஒவ்வாமையால் இறந்தவருக்கு ஆஸ்துமா என்றோ மாரடைப்பு என்றோ சான்றிதழ் எழுதப்படலாம்.

ஒவ்வாமையின்போது, நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த மாஸ்ட் செல்கள் கொட்டும் வேதிப்பொருட்களால் ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழல் இறுகுகிறது. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடும். தோலில் எழுந்த தடிப்பும் சிவப்பும் இறந்தபின் மங்கிவிடும். பிரிட்டன் மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி, இப்படி இறந்த 56 பேரின் பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். அவர்களில் 23 பேரின் உடலில் கண்ணுக்குத் தெரியும் தடயம் எதுவுமே இல்லை!

ஆகவே ரத்தத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மாஸ்ட் செல்கள் வெளியிடும் டிரிப்டேஸ் என்ற நொதியின் அளவைப் பார்க்கிறார்கள். இதயத்திலிருந்து எடுக்கும் ரத்தத்தில் அந்த அளவு பொய்யாக உயர்ந்திருக்கலாம் என்பதால், தொடை நாளத்து ரத்தமே நல்லது. ஆனாலும் உணவு ஒவ்வாமையில் டிரிப்டேஸ் உயராமலே போவதுண்டு. குறிப்பிட்ட உணவுக்கு எதிரான ஐஜிஇ எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருந்தால், அந்த உணவு அவருக்கு ஒவ்வாததாக இருக்கலாம் என்று மட்டுமே சொல்லலாம். அதுதான் கொன்றது என்று சொல்ல முடியாது.

கடைசியாக என்ன சாப்பிட்டார், எத்தனை நிமிடத்தில் மூச்சுத் திணறியது என்ற விவரங்கள் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும். 2016இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்ட 15 வயது நடாஷா இறந்தாள். அவளுக்கு ஒவ்வாத எள் அந்த ரொட்டி மாவில் கலந்திருந்தது. உறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2018இல் நடந்த விசாரணை இதை வெளிக்கொண்டு வந்தது. 2021 அக்டோபர் முதல், கடையிலேயே தயாரித்துப் பொட்டலமிட்டு விற்கும் உணவிலும் எல்லாச் சேர்மானங்களையும் அச்சிட வேண்டும் என்ற சட்டம் அவள் பெயரால் பிரிட்டனில் வழங்குகிறது.

திடீர்ச் சாவு நேர்ந்த வீட்டில் மிச்ச உணவையும் அதன் உறையையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால், அங்கே அப்போது எடுத்த ரத்தத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். டிரிப்டேஸைத் தேட அதைவிட நல்ல மாதிரி பிறகு கிடைக்காது.