அடையாறு ஆலமரத்தைச் சாய்த்தது யார்?

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்துக்கு வயது சுமார் 450.

1989-ம் ஆண்டு புயலில் அதன் தாய்மரம் சாய்ந்தது!

சாய்த்தது யார்?

"காற்று!" என்பார்கள் பிள்ளைகள்.

அது பாதி விடைதான். காற்று மரத்தைத் தொட்டுத் தள்ளியது. இது தொடு விசை.

சாய்ந்த மரத்தைக் கீழே இழுத்தது பூமி. இழுப்பதற்குப் பூமி தொட வேண்டியதில்லை! இது தொடா விசை.

பக்கத்துக் கடலைப் பாருங்கள். நீர் ஏறுகிறது, இறங்குகிறது. சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து சந்திரன் இழுக்கிறது. அதுவும் தொடா விசைதான்.

தாய்மரம் விழுந்தும் ஆலமரம் சாகவில்லை. விழுதுகள் கிளைகளைத் தாங்கி நிற்கின்றன.

தாங்குவது எந்த விசை? பிள்ளைகளைக் கேளுங்கள்!