அரைமண்டியில் ஒரு கணக்கு

உங்களுக்குத் தெரியுமா?

● பதநீர் காலத்தில் காலில் தளைநார் மாட்டிக்கொண்டு பனை ஏறுகிறவரைச் சாயல்குடியில் பார்க்காதவர் யார்? முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் விரிய, பாதங்கள் சேர்ந்தே மேலேறும். பரதத்தின் அரைமண்டி நிலைக்கு அது பங்காளி முறை என்பேன். உழைப்பு, சண்டை, யோகம், ஆட்டம் எல்லாவற்றுக்கும் உடம்பு ஒன்றுதானே? இதை மேடையிலேயே கேட்டவர் நடனக் கலைஞர் சந்திரலேகா.

● தமிழச்சி அல்ல. 1928இல் மகாராஷ்டிரத்தின் வாடாவில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டு, சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றார். பரதக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு நட்டுவாங்கம் செய்த அதே எல்லப்ப பிள்ளைதான்.

● 1952இல் அவரது அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. யமுனையில் தண்ணீர் ததும்புவதாக அபிநயம் பிடிக்கும்போது, வெடித்துக் கிடந்த வறண்ட நிலம் நினைவில் வந்து ஆட்டமே உறைந்துபோனதாகப் பின்னாளில் சொன்னார். தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீருக்குப் போகும் நம் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்கவா வேண்டும்!

● பிறகு நெடுங்காலம் மேடையை விட்டு விலகி எழுத்து, சுவரொட்டி வடிவமைப்பு, பெண்கள் இயக்கம் என்று இருந்தார். 1985இல் 'அங்கிகா' என்ற நடனப் படைப்போடு திரும்பினார். பரதத்தோடு யோகமும் களரிப்பயிற்றும் ஒரே மேடையில் ஏறின. பரதப் பாடல்களில் நாயகனுக்காக ஏங்கும் நாயகி அவருக்கு எப்போதோ சலித்துவிட்டாள். சிலம்பம் சுற்றும் நம் பிள்ளைகள், 'அட, இது நம்ம காலடியாச்சே' என்று சொல்லக்கூடும்.

● கணக்குப் புத்தகத்துக்கு நடனம் அமைத்தவரும் இவரே. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய 'லீலாவதி'தான் சந்திரலேகாவின் 1989ஆம் ஆண்டுப் படைப்புக்கு அடிப்படை. அந்த நூலில் ஒரு கணக்கு: வண்டுக் கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் ஒரு மரத்துக்குப் போயிற்று, மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அங்கேயே போயிற்று. மிச்சம் இரண்டு. தாமரைக்குள் மாட்டிக்கொண்ட வண்டு உள்ளே ரீங்கரிக்க, அதன் ஜோடி வெளியே ரீங்கரிக்கிறது. மொத்தம் எத்தனை வண்டுகள்? பேனா எடுங்கள்.

● ஜெர்மனியின் பீனா பாவுஷ் இவருடைய தோழி. பாலேயில் தேர்ந்து, பின் நாடகத்தையும் நடனத்தையும் ஒன்றாக்கியவர் அவர். ஒருவரை ஒருவர் காப்பியடிக்கவில்லை என்பதுதான் இந்த நட்பில் எனக்குப் பிடித்தது.

● கடைசிப் படைப்பு 'சரீரா' (2001). ஆடியவர்கள் கவிஞர் திஷானி தோஷியும் களரி வீரர் ஷாஜி ஜானும். குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசைக்கு அங்குலம் அங்குலமாக நகரும் ஆட்டம். செல்போனைத் தேடும் கைகளுக்குப் பெரிய சோதனை!

● சந்திரலேகா 2006 டிசம்பர் 30 அன்று சென்னையில் காலமானார்.

வண்டுக் கணக்கின் விடை: 72.