குறைந்த விலை மின் கிட்டாரை மதிப்பிடுதல்: ராக், மெட்டல் இசைக்கு

மின் கிட்டார் என்பது தந்திகளின் அதிர்வை மின் சைகையாக மாற்றி, ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒலிக்கச் செய்யும் இசைக்கருவி ஆகும். ராக் இசைக்கும், அதிலிருந்து கிளைத்த மெட்டல் இசைக்கும் இதுவே முதன்மைக் கருவி. இந்தியாவில் ஏறத்தாழ ₹10,000 முதல் ₹25,000 வரையில் விற்கப்படும் மின் கிட்டார்களை இக்கட்டுரை குறைந்த விலைக் கருவிகள் எனக் கொள்கிறது. தொடக்கநிலை மாணவர்கள் பலரும் இவற்றில் ஒன்றையே முதலில் வாங்குகின்றனர். உடலின் வடிவம், நிறம், பெயர் ஆகியவை கண்ணில் முதலில் பட்டாலும், ஒரு கிட்டார் மெட்டல் இசைக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்பவை நெக்கின் நிலை, சுருதி நிற்கும் தன்மை, பிக்கப்பின் வகை ஆகிய மூன்றாகும். சுருதி நிற்காத கருவியில் பழகும் மாணவர், குறை தம் விரல்களில் இருப்பதாக எண்ணிப் பயிற்சியையே கைவிட நேரலாம்.

ஒலி உருவாகும் விதம்

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறிய மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பள்ளி இயற்பியலில் வரும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதியே இங்கும் செயல்படுகிறது. அந்தச் சிறிய மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது.

நெக்கின் மேல் பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகள் ஃப்ரெட் எனப்படும். வீணையின் மெட்டுகளைப் போன்றவை இவை. வீணையில் குதிரை செய்யும் வேலையைக் கிட்டாரில் பிரிட்ஜ் செய்கிறது. நெக்கின் மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு நட் எனப்படும். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள தந்தியின் நீளம் பல கிட்டார்களில் 648 மி.மீ. ஆகும். 12-ஆவது ஃப்ரெட் இதன் சரிபாதியில், அதாவது 324 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும்.

மெட்டல் இசை ஏன் கடினமான சோதனை?

ராக், மெட்டல் இசைகளில் மின் சைகையை வேண்டுமென்றே அளவுக்கு மீறிப் பெருக்கி, அலையின் முகடுகளை வெட்டுகின்றனர். இது டிஸ்டார்ஷன் எனப்படும். இதில் இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலித்தால் அவற்றின் கூட்டலும் வேறுபாடுமான புதிய அதிர்வெண்களும் தோன்றும். தடித்த தந்தியின் சுருதி 82.4 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் 123.5 ஹெர்ட்ஸ். வேறுபாடு ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். இது முதல் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ளது. பவர் கார்டு எனப்படும் இந்த இரட்டைச் சுரம் மெட்டல் இசையில் கனமாக ஒலிப்பதற்கு இது ஒரு காரணம்.

பஞ்சமம் சிறிது விலகி 125 ஹெர்ட்ஸில் நின்றால் என்ன ஆகும்? முதல் சுரத்தின் மூன்றாம் மடங்கு 247.2, பஞ்சமத்தின் இரண்டாம் மடங்கு 250. இரண்டும் மோதி நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். டிஸ்டார்ஷன் இல்லாதபோது காதுக்கு எளிதில் புலப்படாத இந்தப் பிசிறு, டிஸ்டார்ஷனில் வெளிப்படையாகக் கேட்கும். இரைச்சலும் அவ்வாறே பெருகும். ஆகவே மென்மையான பாட்டுக்குப் போதுமான ஒரு கருவி, மெட்டல் இசையில் தோற்றுப்போகலாம்.

பிக்கப் வகைகள்

ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவான, கூர்மையான ஒலியைத் தரும். ஆனால் வீட்டு மின்கம்பிகளிலிருந்து பரவும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். இதற்குத் தீர்வாக, கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955-இல் ஹம்பக்கர் எனப்படும் இரட்டைச் சுருள் பிக்கப்புக்குக் காப்புரிமை கோரினார். இதில் இரு சுருள்களின் சுற்றுத் திசையும் காந்த முனைகளும் எதிரெதிராக அமைந்துள்ளன. வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; தந்தியின் சைகை ஒன்றோடொன்று கூடும்.

மெட்டல் இசைக்குப் பிரிட்ஜின் அருகில் ஒரு ஹம்பக்கராவது இருப்பது நல்லது. யமஹா பசிஃபிகா 012-இல் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரும், மற்ற இரு இடங்களில் ஒற்றைச் சுருள்களும் உள்ளன. ஐபனேஸ் ஜியோ GRG170DX-இல் இரு ஓரங்களிலும் ஹம்பக்கர்கள், நடுவில் ஒற்றைச் சுருள், ஃப்ரெட்டுகள் 24. முதல் அமைப்பு பலவகைப் பாடல்களுக்கு ஏற்றது. இரண்டாவது மெட்டல் பக்கம் சாய்ந்தது. ஒரே பெயரில் வரும் மாதிரியின் உறுப்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதும் உண்டு என்பதால், வாங்கும் கருவியையே நேரில் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை

பின்வரும் சோதனைகளில் முதல் ஐந்துக்கு ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. கைப்பேசியில் ஒரு ட்யூனர் செயலி போதும்.

1. நெக்: தலைப்பகுதியிலிருந்து பிரிட்ஜை நோக்கி ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். முறுக்கு இருக்கக் கூடாது. பின்னர், தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், 7-ஆவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கலாம். சாதாரண அச்சுத் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.; இரண்டு மூன்று தாள்களைச் செருகி அளக்கலாம்.

2. ஃப்ரெட்டுகள்: ஆறு தந்திகளையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மீட்ட வேண்டும். ஒலி செத்துப்போகும் இடத்தையும், கடகடக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கீறக் கூடாது.

3. தந்தியின் உயரம்: 12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த தந்திக்கு 2 மி.மீ., மெல்லிய தந்திக்கு 1.5 மி.மீ. அளவு வசதியானது.

4. சுரத் துல்லியம்: 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் உள்ள தாங்கியைப் பின்னே நகர்த்த வேண்டும். இறங்கியிருந்தால் முன்னே நகர்த்த வேண்டும்.

5. சுருதி நிலைப்பு: சுருதி சேர்த்தபின் ஒவ்வொரு தந்தியையும் பலமுறை பக்கவாட்டில் இழுத்து, மீண்டும் ட்யூனரில் பார்க்க வேண்டும். முறுக்காணியைத் திருப்பும்போது "டிங்" என்ற ஓசை வந்தால் தந்தி நட்டில் சிக்குகிறது என்று பொருள்.

6. ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் குமிழ்களையும் பிக்கப் மாற்றியையும் ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். கரகரப்போ ஒலி அறுபடுவதோ கூடாது.

திருத்தக்கூடிய குறைகளும் திருத்த முடியாதவையும்

விலை குறைந்த கருவியில் குறையே இல்லாமல் இருப்பது அரிது. குறை எந்த வகை என்பதே கேள்வி. தந்தியின் உயரம், சுரத் துல்லியம், பழைய தந்திகள், கரகரக்கும் குமிழ், கூரான ஃப்ரெட் முனை ஆகியவற்றைச் சிறு செலவில் சரிசெய்யலாம். நட்டில் சிக்கும் தந்திக்குப் பென்சில் கரியைத் தடவினாலே பல நேரங்களில் போதும். பிக்கப்பைக்கூடப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம்.

முறுக்கிய நெக், விரிசல், நெக்கினுள் உள்ள ட்ரஸ் ராடு எனும் எஃகுக் கம்பி திரும்பாமை, இடம் தவறிய ஃப்ரெட்டுகள் ஆகியவை வேறு வகை. இவற்றைச் சரிசெய்யும் கூலி கருவியின் விலையையே நெருங்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கருவியைத் திருப்பித் தருவதே முறை.

தொடக்கநிலையில் அசையும் பிரிட்ஜைவிட நிலையான பிரிட்ஜ் நல்லது. தந்திகளைப் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜின் மலிவான நகல்களில் கத்திமுனை போன்ற விளிம்பு விரைவில் தேய்ந்து, சுருதி நிற்காமல் போகும்.

சுருதியைக் கீழிறக்கி வாசிப்பது மெட்டல் இசையின் வழக்கம். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி ஆலை விபத்தில் இரு விரல் நுனிகளை இழந்தவர். 1971-இல் வெளிவந்த இசைத்தட்டில் விரல்களுக்கு எளிதாக இருக்கவும் ஒலி கனக்கவும் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். மெல்லிய தந்திகளில் சுருதியை இறக்கினால் தந்தி தொய்ந்து ஃப்ரெட்டில் அடிக்கும். ஆகவே அவ்வாறு வாசிக்க விரும்புவோர் சற்றுத் தடித்த தந்திகளைப் பூட்ட வேண்டும். பின்னர் நெக்கையும் சுரத் துல்லியத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரும் மின் பாதுகாப்பும்

பணம் முழுவதையும் கிட்டாரிலேயே செலவிடக் கூடாது. வீட்டுப் பயிற்சிக்கு 10 முதல் 20 வாட் ஆம்ப்ளிஃபயர் போதும். ஹெட்ஃபோன் வசதி இருந்தால் அடுத்த வீட்டாருக்குத் தொல்லையில்லை. கிட்டாருக்கான ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெரிதும் குறைத்துவிடும். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரில் அந்தத் தடை இல்லாததால் டிஸ்டார்ஷன் தேனீக் கூட்டம் போல இரையும். இதனைக் கிட்டாரின் குறை எனக் கருதக் கூடாது.

கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிள் வழியாகவும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்துடன் இணைந்துள்ளன. எனவே மூன்று முனைப் பிளக்கும், எர்த் இணைப்பு உள்ள சாக்கெட்டும் கட்டாயம். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று ஸ்வான்சீ நகர மேடையில், முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். கோயில் விழா, கல்லூரி விழா மேடைகளில் தற்காலிக இணைப்பில் வாசிப்போர், தொடங்கும் முன் எலக்ட்ரீசியனைக் கொண்டு எர்த்தைச் சோதிப்பது அவசியம்.

தமிழ்நாட்டுச் சூழல்

மெட்டு உள்ள மின் தந்திக் கருவி தமிழருக்குப் புதிதன்று. யூ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினிலும், சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின் கிட்டாரிலும் கர்நாடக இசையை வாசித்துள்ளனர். மெட்டல் இசைக்குப் பெங்களூரு முக்கிய இடமாக விளங்குகிறது. கிரிப்டோஸ் குழு 1998-இல் அங்குத் தொடங்கியது. அயர்ன் மெய்டன் 2007-லும், மெட்டாலிகா 2011-லும் அங்கு நிகழ்ச்சி நடத்தின.

திருவண்ணாமலையிலிருந்து சென்னை, பெங்களூரு இரண்டும் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் உள்ளன. 1842-இல் தொடங்கப்பட்ட சென்னை மியூசி மியூசிகல் போன்ற பெரிய கடைகளுக்குச் சென்று வாசித்துப் பார்த்து வாங்குவது சிறந்தது. வாசிக்கத் தெரியாதவர் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். இணையத்தில் வாங்குவோர் திருப்பி அனுப்பும் காலக்கெடுவை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து, மேற்கண்ட ஆறு சோதனைகளையும் அன்றே முடிப்பது நல்லது.

மரம் ஈரத்தில் விரிந்து, வறட்சியில் சுருங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் ஃப்ரெட் முனைகள் துருத்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நெக்கின் வளைவு மாறலாம். ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்காலத்திலும், நெக்கைச் சரிபார்க்க வேண்டும். ட்ரஸ் ராடை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. கருவியைத் தகரக் கூரையின் கீழோ, வெயிலில் நிற்கும் வண்டியிலோ வைக்கக் கூடாது. வாசித்தபின் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்தால் வியர்வையால் துருப்பிடிப்பது குறையும்.