புகையில்லா நெருப்பை நம்பாதீர்கள்!

 

வீட்டோடு சேர்ந்த கராஜிலோ பின்னறையிலோ தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, குடும்பச் செலவுக்குக் கைகொடுக்கும் பெண்கள் நம்மில் அநேகர். மலைநாட்டில் இருப்பவர்களுக்குக் குளிர்காலம் வந்துவிட்டால் அந்தத் தொழிலே ஒரு சோதனையாகிவிடும். விரல் விறைத்துப்போனால் ஊசியில் நூல் கோப்பதும் கஷ்டம். அந்தக் குளிரைப் போக்குவதாக எண்ணி நான் செய்த ஒரு காரியத்தால் மூன்று பெண்களின் உயிர் போகப் பார்த்தது. வெட்கத்தை விட்டு அதை எழுதுகிறேன். உங்களில் ஒரு வீட்டுக்காவது பயன்பட்டால் போதும்.

நாங்கள் இருப்பது நுவரெலியாவில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரமான ஊர். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில நாட்கள் சுபஹுக்குப் பள்ளிக்குப் போகும்போது புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்கள் பழைய வேனை விற்ற பிறகு கராஜ் வெறுமையாகக் கிடந்தது. அதில்தான் என் மனைவியும் அயல்வீட்டுப் பெண்கள் இருவரும் தைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே தகரம், கீழே சீமெந்துத் தரை, முன்னால் இழுத்து மூடும் இரும்புக் கதவு. குளிருக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது!

2024 ஜனவரியில் பெருநாள் உடுப்புகளுக்கு ஓடர் வந்திருந்தது. பெண்கள் நடுங்கிக்கொண்டு தைப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், ஒரு பழைய இரும்புச் சட்டியில் சிரட்டைக் கரியை வெளியில் வைத்து மூட்டினேன். புகை அடங்கித் தணல் சிவந்த பிறகே உள்ளே கொண்டுபோய் வைத்தேன். “இனிப் புகையில்லை, கதவை மூடிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு ளுஹருக்குப் போனேன்.

சற்று நேரத்தில் மூவருக்கும் தலையிடி. குளிர் பிடித்துவிட்டது என்று எண்ணி இஞ்சிப் பிளேன்டீ குடிக்க வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள். தலையிடி குறைந்தது. மறுபடி கராஜுக்குப் போனார்கள். மறுபடி தலையிடி, கூடவே வயிற்றைப் புரட்டியது. அஸருக்குச் சற்று முன் மூவரில் இளையவள் எழுந்து நிற்க முயன்று, அப்படியே சரிந்து விழுந்தாள். அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதற்கேள்வியே, “வீட்டில் என்ன எரித்தீர்கள்?” என்பதுதான்.

“கரிதான் டொக்டர். புகையே இல்லை” என்றேன்.

“அதுதான் மௌலவி ஆபத்து. புகை இருந்திருந்தால் கண் எரிந்து வெளியே ஓடி வந்திருப்பார்கள்” என்றார்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

கரி, விறகு, மண்ணெண்ணெய், காஸ், பெற்றோல் ஆகிய எதுவும் போதிய காற்றில்லாமல் எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நம் குருதியில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின், ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு வழமைபோல நடந்துகொண்டிருக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஒட்சிசன் மட்டும் போய்ச் சேராது. வயிற்றில் இருக்கும் சிசுவுக்குத் தாயைவிடவும் ஆபத்து அதிகம். உறக்கத்தில் இருப்பவர் தலையிடியையும் உணராமலே மௌத்தாகிவிடலாம்.

எங்கள் ஊருக்குச் சுற்றுலா வந்தவர்கள் இரவில் இறைச்சி வாட்டிய கரியடுப்பைக் குளிருக்காக அறைக்குள் எடுத்துச் சென்று உறங்கி, காலையில் ஜனாஸாவாக எடுக்கப்பட்ட செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். தாங்கள் செய்வது தவறென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அடையாளங்களை நினைவில் வையுங்கள். தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் புரட்டல், கைகால் சோர்வு, தடுமாற்றம். காய்ச்சல் இல்லாமல் ஒரே அறையில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் இவை வந்தாலும், வெளியே வந்ததும் குறைந்தாலும் இந்த வாயுவையே முதலில் சந்தேகியுங்கள். உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். கதவுகளைத் திறந்துவிட்டு 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் வரும், அதற்குக் கட்டணமில்லை. விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் சிறு கருவியை இதில் நம்ப வேண்டாம். நஞ்சேறிய குருதியையும் அது நல்லதென்றே காட்டக்கூடும். இதற்கு மருந்து ஒட்சிசன்தான். ஆகவே தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது?

முதலில், இருக்கும் சூட்டைக் காப்பாற்றுங்கள். தகரத்தின் கீழே சீலிங் அடியுங்கள். இரும்புக் கதவின் அடி இடைவெளியில் இறப்பர்ப் பட்டி வையுங்கள். சீமெந்துத் தரையில் பலகை போட்டு அதன்மேல் கம்பளம் விரியுங்கள். காலில் குளிர் ஏறாவிட்டாலே பாதிக் குளிர் போய்விடும். கம்பளிக் காலுறையும் மடியில் ஒரு வெந்நீர்ப் பையும் கரிச்சட்டியைவிட எவ்வளவோ மேல்.

அதன் பிறகும் போதாவிட்டால் மின்சார ஹீட்டர்தான் பாதுகாப்பானது. அதிலும், முழு அறையையும் சூடாக்குவதைவிட, ஆளை நேராகச் சூடாக்கும் வகை கராஜுக்குப் பொருத்தம். 2,000 வாற்று ஹீட்டர் ஒன்று ஏறத்தாழ 9 அம்பியர் மின்சாரம் இழுக்கும். அதை 5 அம்பியர் பிளக்கிலோ, தையல் மெஷின்கள் தொங்கும் எக்ஸ்டென்ஷன் வயரிலோ கொளுவாதீர்கள். வயர் சூடாகித் தீப்பிடிக்கும். சுவர்ப் பிளக்கில் தனியாகக் கொளுவுங்கள். துணிகளை ஒரு மீற்றருக்கு அப்பால் வையுங்கள். மணிக்கு 2 யூனிற் செலவாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் ஹீட்டரிலும் இதே நஞ்சு உண்டாகலாம். அதோடு, ஒரு லீற்றர் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகி அறையில் சேரும். துணி ஈரப்படும், ஊசி துருப்பிடிக்கும். வெள்ளைக்காரர் கட்டிய பழைய பங்களாக்களில் அறைக்குள் நெருப்பு மூட்டினார்கள் என்றால், அதற்கு மேலே புகைபோக்கியும் வைத்தார்கள். நாம் நெருப்பை எடுத்துக்கொண்டோம், புகைபோக்கியை விட்டுவிட்டோம். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்புக் கணக்கு. கரி அறைக்குள் வரவே கூடாது. மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரையும் கராஜுக்குள் ஓடவிடாதீர்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். கனடா போன்ற நாடுகளில் பனிக்காலத்தில் கராஜுக்குள்ளேயே காரை ஸ்டார்ட் செய்து சூடாக்குவார்கள். அந்த வாயு சுவரோடு ஒட்டிய வீட்டுக்குள் புகுந்துவிடும். இதனால்தான் ஒன்டாரியோ மாகாணத்தில் கராஜ் ஒட்டிய வீடுகளில் இந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி வைப்பது 2014 முதல் சட்டமாயிற்று.

சகோதரிகளே! மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு ஆட்களோடு தீப்பற்றிய செய்தி எட்டியபோது, நெருப்பு நமக்குப் பகையானது என்றும் உறங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. எத்தனையோ வருடங்களாக மாணவர்களுக்கு இந்த ஹதீஸை ஓதிக்கொடுத்தவன் நான். ஆனாலும் என் கையாலேயே தணலைச் சுமந்து சென்று அந்தப் பெண்களுக்கு முன்னால் வைத்தேன். எனக்குப் பகை, சுவாலைவிட்டு எரியும் நெருப்பு மட்டும்தான். அடங்கிச் சிவந்திருக்கும் தணலை நண்பன் என்று நினைத்துவிட்டேன்.

அல்ஹம்துலில்லாஹ், மூவரும் பிழைத்தார்கள். அந்தப் பெண்ணின் குழந்தையும் சுகமாகப் பிறந்தது. ஆனால் அது பிறந்து அழும் சத்தம் கேட்கும் வரை, அந்த மூன்று மாதமும் நான் நிம்மதியாக உறங்கவில்லை. அந்தக் கரிச்சட்டி இப்போது முற்றத்தில் பூச்செடி தாங்கி நிற்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு சட்டி அறைக்குள் இருந்தால், இன்று மஃரிபுக்கு முன் அதை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அல்லாஹ் நம் வீடுகளையும் வீட்டாரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.